கரையில் கைகட்டி நிற்கிறவருக்கு

மூன்று ஞாயிறாகப் பார்க்கிறேன்.
மறுகால் பக்கம் பைக்கை நிறுத்தி
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
கைகட்டி நிற்கிறீர்கள்.
படகு வளைந்து திரும்பும்போது மட்டும்
உங்கள் தோள் கொஞ்சம் சாய்கிறது.
எங்களுக்கு அது போதும். வாங்க.

தாழையூத்து தாண்டி இந்த ஒரு குளம்தான்
எங்களைப் பொறுத்துக்கொண்டது.
பிசான நடவு முடிந்த தண்ணீர்.
கீழ்க்கரை துவைக்கிறவர்களுக்கு,
வடக்கே தாமரை, நாமக்கோழிகளுக்கு.
மிச்சமுள்ள நடுவில்
மூன்று மிதவை போட்டிருக்கிறோம்.
பாமாயில் டின்கள்.
மஞ்சள் பெயிண்ட், பேட்டைச் சேர்மக்கனி கடையில்
இன்னும் கடன்.
டின்னுக்குக் கீழே கயிறு,
கயிற்றின் முனையில் செங்கல்.

செலவைக் கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள்.
பீர் மைதீன் படகைக் கவிழ்த்துப் பாருங்கள்.
கல்யாண மண்டபத்து வாசலில்
கழற்றிப்போட்ட ஃபோம் போர்டு அது.
யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதிச் சிரிப்பு
இன்னும் அடியில் ஒட்டியிருக்கிறது.
மோட்டார் மட்டும் புதுசு.
பேட்டரி இரண்டு பேருக்குப் பொது.
அதை வைத்துக்கொண்டு போன மாசம்
என்னை இரண்டு சுற்று பின்னால் தள்ளினான்.

அந்தச் சிவப்புப் படகு ஜெபசெல்வியுடையது.
வாரமெல்லாம் வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவள்.
பக்கத்து வீட்டில் சட்னி அரைக்கிற சத்தம் கேட்கும்,
திரும்பிப் பார்ப்பதற்குள்
மிதவையைச் சுற்றி முடித்திருப்பாள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
படகு உங்களை விட்டுப் போகும்போது
இடது இடதுதான்.
உங்களைப் பார்த்து வரும்போது
இடது வலதாகிவிடும்.
புத்திக்கு இது ஒரு நிமிஷத்தில் புரியும்,
விரலுக்குப் புரிய ஒரு மாசம்.
'படகுக்குள்ள ஏறி உக்காரும் வே' என்பான் பீர்.
நானும் ஏறி உட்கார்ந்தேன்.
நான்கு வாரம் கரையில் மோதினேன்,
அதில் ஒருமுறை
துவைத்து வைத்திருந்த போர்வை மேல்.
அந்த அம்மா சொன்னதை இங்கே சொல்ல மாட்டேன்.

மூழ்குமா?
மூழ்கும்.
என் முதல் படகு ஃபைபர், விலை கொடுத்து வாங்கியது.
மூடிக்கு டேப் ஒட்ட மறந்தேன்.
இரண்டாவது மிதவையருகே
ஒரு குமிழி, அவ்வளவுதான்.
உடையார் டிராக்டர் டியூபில் மிதந்துபோய்த் துழாவினான்.
கையில் வந்தது ஒரு செருப்பு.

சித்திரையில் குளம் வற்றியது.
வெடித்த வண்டல்மேல் எல்லோரும் நடந்து போனோம்,
பருவம் முழுக்கத் தொலைத்ததைப் பொறுக்கிக்கொண்டு.
ஐந்து விசிறி, ஒரு சுக்கான்,
யாருடையதென்று இன்றுவரை தெரியாத ஆண்டெனா.
என் படகு சேற்றில் நேராக நின்றது,
மூக்கு அடுத்த மிதவைப் பக்கம்,
ஏதோ அடுத்த சுற்றுக்குப் போகிற மாதிரி.
உள்ளே ஒரு நண்டு குடியிருந்தது.
பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டு
படகை அதற்கே விட்டுவிட்டேன்.

பாசி சுற்றும். எல்லோருக்கும் சுற்றும்.
தண்டில் கிரீஸ் அடைக்க மறப்பீர்கள்.
சொந்தப் படகென்று நினைத்து
அடுத்தவர் படகையே முழுச் சுற்றும் பார்த்திருப்பீர்கள்,
உங்களுடையது தாமரைக்குள் நின்றுகொண்டிருக்கும்.
டியூப் இருக்கிறது, உடையார் இருக்கிறான்.
ஒரு பந்தயம் நான்கு நிமிஷம்.
அந்த நான்கு நிமிஷம்
வீட்டுக் கடன் தவணை
எந்தத் தேதி என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

ஹெல்மெட் இருந்தால் இருக்கட்டும்.
இந்தாங்க ரிமோட்.
விசையை மெதுவாக,
முட்டையைப் பிடிக்கிற மாதிரி.
உடையார் படகைத் தண்ணீரில் வைத்துவிட்டான்.
போகிறது, போகட்டும்,
டின்னுக்கு அந்தப் பக்கம் போனதும் திருப்புங்கள்,
ஆங், அப்படித்தான்,
இப்போது நம்மைப் பார்த்து வருகிறது.

இடது எது?
சீக்கிரம்.